ஜொன்ஜுவில் ஆலயமும் அடுப்படியும்

கொரியாவில் சபை வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று ஊரிலிருந்து யார் கேட்டாலும் நான் முதலில் ஆலயத்தின் சமையலறையைப் பற்றித்தான் சொல்வேன். ராத்திரியில் ஊர் முழுக்க எரியும் சிவப்பு நியான் சிலுவைகள், பெரிய பாடகர் குழு, வேன் அனுப்பி ஆட்களை அழைத்துவரும் ஏற்பாடு, இதெல்லாம் வந்த சில நாட்களிலேயே கண்ணில் பட்டுவிடும். சமையலறைக்குள் போகத்தான் கொஞ்ச காலம் பிடிக்கும். போன பிறகுதான் இந்தச் சபைகள் எதன் பலத்தில் நிற்கின்றன என்று எனக்குப் புரிந்தது.

நாங்கள் இருப்பது ஜொன்ஜுவில். சியோலிலிருந்து தெற்கே, அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல். என் கணவருக்கு இங்கே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி வேலை. தமிழ்நாட்டிலிருந்து அப்படி வந்தவர்கள் இங்கே நிறையப் பேர். சாப்பாட்டுக்குப் பேர்போன ஊர் இது. 2012-ல் யுனெஸ்கோ உணவுக் கலை நகரங்களின் பட்டியலில் ஜொன்ஜுவைச் சேர்த்தது. 2015 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கொரியர்களில் பாதிக்கு மேற்பட்டோர் எந்த மதமும் இல்லை என்று சொன்னவர்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் புராட்டஸ்டன்ட், கத்தோலிக்கர் 8 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. இந்த ஊர் இருக்கும் வட ஜொல்லா மாகாணத்தில் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்களின் விகிதம் மற்ற மாகாணங்களைவிட அதிகம். எங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தாலே மூன்று நான்கு சிலுவை தெரியும்.

ஞாயிறு 11 மணிக்குப் பெரிய ஆராதனை. வாசலில் காணிக்கை உறைகள் அடுக்கிய பலகை இருக்கும். தசமபாகத்துக்கு ஒன்று, ஸ்தோத்திரக் காணிக்கைக்கு ஒன்று, மிஷனுக்கு ஒன்று. பிள்ளைக்கு வேலை கிடைத்தது, அம்மாவின் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று உறையின் மேலேயே எழுதிப் போடுவார்கள். கொடுத்தவர்களின் பெயர் அடுத்த வாரத் தாளில் அச்சாகும். பாட்டுப் புத்தகத்தில் பாதி மெட்டு நம் பாமாலையில் பாடிப் பழகியதுதான் என்பதால் பாஷை வராத நாளிலும் எனக்குப் பாட முடிந்தது.

ஆராதனை முடிந்ததும் எல்லாரும் கீழ்த்தளத்துச் சாப்பாட்டுக் கூடத்துக்கு இறங்குவார்கள். பெரும்பாலும் பிபிம்பாப். எவர்சில்வர் கிண்ணத்தில் சோறு, அதன் மேல் வேகவைத்த சோயா முளை, கீரை, முள்ளங்கி, மலைக்காட்டில் பறித்துக் காயவைத்த பெரணித் தண்டு, ஒரு கரண்டி மிளகாய் விழுது, நல்லெண்ணெய். பக்கத்தில் சோயா விழுது கரைத்த சூப்பும், காரம் சேர்த்துப் புளிக்கவைத்த கோஸான கிம்ச்சியும். யார் வேண்டுமானாலும் சாப்பிடலாம்; உள்ளே நுழைந்தவர் சபையாரா, வழிப்போக்கரா என்று கேட்கிறவர்கள் கிடையாது. எங்கள் திருநெல்வேலிப் பக்கம் ஆலயத்தில் வருஷத்துக்கு ஒரு தடவை வைக்கும் அசனம் என்ற பொது விருந்து இங்கே வாராவாரம் நடக்கிறது.

பெண்கள் சங்கம் வயதுவாரியாகப் பிரிந்து முறை வைத்துச் சமைக்கிறது. சனிக்கிழமை மத்தியானமே காய்கறி ஆய்ந்து, கழுவி, தண்ணீர் வடியப் போட்டுவிடுவார்கள். பாத்திரம் கழுவுவது ஆண்கள் பொறுப்பு. முன்வரிசையில் கோட்டும் டையுமாக எழுந்து நின்று சபைக்காக ஜெபித்த மூப்பர், அரை மணி நேரத்தில் ரப்பர் கையுறையும் முழங்கால் வரை தொங்கும் ரப்பர் ஏப்ரனுமாகத் தொட்டியடியில் நின்றார். முதல்முறை பார்த்தபோது எனக்குப் பேச்சே வரவில்லை. நம் சபைகளில் கமிட்டிக்காரர் ஒருவர் எச்சில் தட்டைக் கழுவி நான் கண்டதில்லை.

ஆனால் ஒரு கவலையும் இருக்கிறது. அடுப்பின் பாரம் அறுபது, எழுபது வயதான அம்மாக்களின் தோளில்தான் இறங்குகிறது. இளையவர்களுக்கு வேலை, குழந்தை, ஓய்வுக்கு மிஞ்சுவது ஞாயிறு ஒன்றுதான். கொரோனாவுக்குப் பிறகு பல சபைகள் மதியச் சாப்பாட்டையே நிறுத்திவிட்டன, அல்லது வெளியில் சொல்லி வாங்குகின்றன. எங்கள் சபையிலும் அந்தப் பேச்சு வந்தது. நிறுத்தக் கூடாது, ஆண்களும் காய் நறுக்க வரட்டும் என்பதுதான் என் கட்சி.

விடியற்கால ஜெபம் தினமும் உண்டு, எங்கள் ஆலயத்தில் ஐந்தரை மணிக்கு. 1907-ல் பியோங்யாங்கில் பெரிய எழுப்புதல் உண்டான காலத்தில் கில் சொன்-ஜு என்ற மூப்பர் அதிகாலையில் ஆலயத்துக்குப் போய் ஜெபித்ததிலிருந்து இது சபைகளின் வழக்கமாகப் பரவியது என்று இங்கே எல்லாரும் சொல்வார்கள். ஒரு பாட்டு, ஒரு வேதப்பகுதி, சின்னப் பிரசங்கம். அப்புறம் விளக்கைக் குறைத்துவிடுவார்கள். அவரவர் சத்தமாகவே ஜெபிப்பார்கள், முடிந்ததும் எழுந்து போவார்கள். முடிவு ஜெபம் என்று தனியாக எதுவும் இல்லை. வாயில் பனிப்புகை வரும் ஜனவரியிலும் அந்த வயதான அம்மாக்கள் இருப்பார்கள். நவம்பரில் கல்லூரி நுழைவுத் தேர்வு நடக்கும் நாளில் தாய்மார் காலையிலிருந்து ஆலயத்திலேயே உட்கார்ந்துவிடுவார்கள். அங்கே கணக்குத் தேர்வு ஓடும் நேரத்தில் இங்கே அதற்கான ஜெபம்.

ஜெபம் முடிந்த கையோடு நம்பு என்ற சந்தையின் பக்கம் போனால் சோயா முளை போட்ட கோங்னாமுல் குக்பாப் கிடைக்கும், ஜொன்ஜுவின் காலைச் சாப்பாடு. சோற்றின் மேல் கொதிக்கிற சாற்றை ஊற்றி வடித்து, மறுபடி ஊற்றி வடித்துச் சூடேற்றுவார்கள். பக்கத்தில் சின்னக் கிண்ணத்தில் அரைவேக்காட்டு முட்டை. அதில் நாலு கரண்டி சாறு விட்டு, கடற்பாசித் தாளை நொறுக்கிப் போட்டு, அதை முதலில் சாப்பிட வேண்டும்.

இதை வீட்டில் செய்ய எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் வட்டத்து, அதாவது சபைக்குள் வீட்டுக்கு வீடு கூடி ஜெபிக்கும் எங்கள் சிறு குழுவின், குவொன்சா. குவொன்சா என்றால் சபையில் ஊழியம் செய்து மூத்த பெண்களுக்குக் கொடுக்கும் பொறுப்பு. பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் இல்லை, "குவொன்சா-னிம்" என்றுதான் அழைப்போம். உலர்ந்த நெத்திலியையும் தடித்த கடற்பாசித் துண்டையும் போட்டுச் சாறு எடுக்க வேண்டும். பாசியைப் பத்து நிமிடத்தில் வெளியே எடுத்துவிட வேண்டும், விட்டால் வழவழப்பு வந்துவிடும். முளையைப் போட்ட பிறகு மூடினால் கடைசிவரை மூடியே இருக்கட்டும், திறந்து வைத்தால் கடைசிவரை திறந்தே இருக்கட்டும். பாதியில் திறந்தால் பச்சை வாடை அடிக்கும். உப்புக்குப் பதில் உப்பில் ஊறிய பொடி இறால். பூண்டு, வெங்காயத்தாள், கொஞ்சம் மிளகாய்த்தூள், அவ்வளவுதான். சளி பிடித்தால் இப்போது எங்கள் வீட்டில் ஒரு நாள் மிளகு ரசம், ஒரு நாள் இது.

வெள்ளிக்கிழமைகளில் வட்ட ஜெபம், வீட்டுக்கு வீடு மாறி நடக்கும். எங்கள் வீட்டு முறை வந்தால் நான் கோழிக் குழம்பும் எலுமிச்சைச் சாதமும் செய்வேன். இங்குள்ள குட்டை அரிசி ஒட்டிக்கொள்ளும் என்பதால் தண்ணீரைக் குறைத்து வடித்து, தாம்பாளத்தில் பரப்பி ஆறவிட்டுத்தான் தாளிக்க வேண்டும். காரம் அவர்களுக்குப் பிரச்சினையே இல்லை. கொத்தமல்லித் தழைதான் பலருக்கு ஆகாது, அதைத் தனியாக வைத்துவிடுவேன். சாப்பிட்டு முடித்ததும் பழம் நறுக்கி வைத்து, அந்த வாரத்துக் கவலைகளை ஒவ்வொருவராகச் சொல்வார்கள். மகன் பேசாமல் இருக்கிறான், முழங்கால் வலி, கடை வாடகை. பிறகு "ஜுயோ!" என்று மூன்று முறை உரக்கக் கூப்பிட்டு எல்லாரும் ஒரே நேரத்தில் ஜெபிப்பார்கள். கர்த்தாவே என்று அர்த்தம். அந்த ஓசையில் நானும் வெட்கமில்லாமல் தமிழில் ஜெபிக்கிறேன்.

நவம்பர் கடைசியில் குளிர்காலக் கிம்ச்சி போடும் கிம்ஜாங். ஆலய முற்றத்தில் நீல தார்ப்பாய் விரித்து, கோஸை இரண்டாகப் பிளந்து ராத்திரி முழுக்க உப்பில் போட்டு, விடிந்ததும் மூன்று தண்ணீரில் அலசிக் கவிழ்த்து வைப்பார்கள். மிளகாய்த்தூள், பூண்டு, இஞ்சி, மீன் சாறு, உப்பு இறால், பச்சரிசிக் கூழ், சீவிய முள்ளங்கி, கடுகுக் கீரை எல்லாம் சேர்ந்ததுதான் மசாலா. அதை வெளி இலையிலிருந்து தொடங்கி இலை இலையாக விலக்கித் தண்டோரம் அழுத்தித் தடவி, கடைசியில் வெளி இலையால் மொத்தத்தையும் கட்டியாகச் சுற்ற வேண்டும். நுனியில் அதிகம் தேவையில்லை, தண்டில்தான் ஏற வேண்டும் என்று குவொன்சா-னிம் என் கையைப் பிடித்துக் காட்டினார். மத்தியானம் வேகவைத்த பன்றி இறைச்சியைப் புதுக் கிம்ச்சியில் சுருட்டிச் சாப்பிடலாம். நிரப்பிய டப்பாக்களில் ஒரு பகுதி சபையின் செலவுக்கு. பெரும்பகுதி தனியாக வாழும் முதியவர்களுக்கு. அன்று மாலை அவற்றைக் கொண்டுபோகும் வேனில் நானும் போனேன். ஒரு வீட்டில் தாத்தா ஒருவர், தான் ஆலயத்துக்கு வருகிறவர் அல்ல என்று சொல்லி வாங்கத் தயங்கினார். குவொன்சா-னிம் பதிலே பேசாமல் குளிர்பதனப் பெட்டியைத் திறந்து டப்பாவை உள்ளே வைத்துவிட்டு, "புளித்த பிறகு சூப் வையுங்கள், தாத்தா" என்று மட்டும் சொன்னார்.

வெளியே போய்வர ஜொன்ஜுவில் நிறைய இடங்கள் உண்டு. ஹனோக் கிராமத்து ஓட்டு வீடுகளை எல்லாரும் பார்ப்பார்கள். அதன் வாசலில் நிற்கும் ஜொன்தொங் பேராலயம் 1914-ல் கட்டி முடிக்கப்பட்டது. முன்னோர் சடங்கை மறுத்ததற்காக 1791-ல் யுன் ஜி-சுங், குவொன் சாங்-யொன் என்ற இரண்டு கத்தோலிக்கர் கொல்லப்பட்ட இடம் அது.

என் மனதில் நிற்கும் இடம் வேறு. பக்கத்துக் கிம்ஜேயில், மோவாக்சான் மலையடியில் இருக்கும் கும்சான் ஆலயம். வட்டத்தார் ஒரு வேன் பிடித்து, கடற்பாசித் தாளில் சோற்றை வைத்துக் கிம்பாப் சுருட்டி எடுத்துக்கொண்டு போனோம். 1908-ல் கட்டிய கட்டடம், மர வேலைப்பாடும் ஓட்டுக் கூரையும் பழைய கொரிய வீட்டைப் போலவே. உள்ளே செங்கோணமாக இரண்டு சிறகு, ஒன்றில் ஆண்கள், மற்றதில் பெண்கள். இரண்டும் சேரும் மூலையில் பிரசங்க பீடம். போதகருக்கு இரண்டு பக்கமும் தெரியும், இரண்டு பக்கத்தாருக்கும் ஒருவரையொருவர் தெரியாது. கூரை உத்திரத்தில் வேத வசனம் எழுதியிருக்கிறது. ஆண்கள் பக்கம் சீன எழுத்தில், பெண்கள் பக்கம் கொரிய எழுத்தான ஹங்குலில். அக்காலப் பெண்களுக்குப் படிக்கத் தெரிந்த எழுத்து அதுதான். மரத்தரையில் உட்கார்ந்து அண்ணாந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இந்தச் சபையைத் தொடங்கியவர் லூயிஸ் டேட் என்ற அமெரிக்க மிஷனரி. ஜொன்ஜுவில் பெண்களுக்காக 1898-ல் மருந்தகம் தொடங்கி, இன்றைய ஏசு மருத்துவமனைக்கு அடிபோட்ட டாக்டர் மேட்டி இங்கோல்டைத்தான் பின்னாளில் மணந்தார். டேட் குதிரையில் போகும் வழியில் தங்கியது இவ்வூர்ப் பணக்காரர் சோ தொக்-சாமின் வீட்டில். அந்த வீட்டில் குதிரை பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தவர் யி ஜா-இக், தாய் தகப்பனை இழந்து தெற்கிலிருந்து பிழைக்க வந்த பையன். எஜமானும் வேலைக்காரனும் ஒன்றாக விசுவாசத்துக்கு வந்தார்கள். சபை மூப்பரைத் தேர்ந்தெடுக்கும் நாள் வந்தபோது மக்கள் எஜமானை விட்டுவிட்டு வேலைக்காரரைத் தேர்ந்தெடுத்தார்கள். சாதி, அந்தஸ்து எல்லாம் கெட்டியாக இருந்த காலம். சபையே உடைந்துவிடும் என்று எல்லாரும் பயந்திருக்க, சோ தொக்-சாம் அந்த முடிவை மனதார ஏற்றுக்கொண்டு தன் வேலைக்காரரின் பிரசங்கத்தைக் கீழே உட்கார்ந்து கேட்டார். பிறகு அவரைத் தன் செலவில் பியோங்யாங் இறையியல் பள்ளிக்கு அனுப்பினார். படித்து முடித்து வந்தவரை இதே சபைக்குப் போதகராக அழைத்ததும் அவர்தான். யி ஜா-இக் பின்னாளில் கொரியப் பிரஸ்பிட்டேரியன் பொதுச் சபைக்கு மூன்று முறை தலைவராக இருந்தார்.

கதையை எங்களுக்குச் சொன்னவர் அந்தப் பாத்திரம் கழுவும் மூப்பர்தான். யி ஜா-இக்கைப் பற்றிப் பிரசங்கத்தில் நிறையக் கேட்டிருக்கிறோம், சோ தொக்-சாமைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும் என்றார். நானும் அதையே நினைக்கிறேன். கீழே இருந்தவர் உயர்ந்த கதை நம்மிடமும் உண்டு. மேலே இருந்தவர் தானாகக் கீழே உட்கார்ந்த கதை அபூர்வம்.

போக நினைப்பவர்களுக்கு: ஜொன்ஜுவிலிருந்து கும்சான்சா பௌத்த மடத்துக்குப் போகும் டவுன் பஸ் இந்த வழியாகத்தான் போகும். பக்கத்தில் புது ஆலயக் கட்டடம் இருக்கிறது, ஞாயிறு ஆராதனை அங்கே. பழைய கட்டடத்துக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போக வேண்டும். ஏப்ரலில் போனால் மடத்துச் சாலை நெடுக செர்ரிப் பூ. மலையேற்றம் பிடித்தவர்கள் 793 மீட்டர் மோவாக்சானையும் அதே நாளில் பார்த்துவிடலாம். மடத்தடிக் கடைகளில் மலைக்கீரை பிபிம்பாப் நன்றாக இருக்கும்.