பதினோராம் மணி வேளையில் தரங்கம்பாடி

புனித யாத்திரை போனால் பாவம் கழியும் என்று லுத்தரன் சபை சொல்வதில்லை. 1517ஆம் ஆண்டு விற்றன்பர்க் நகரில் மார்ட்டின் லுத்தர் 95 வாதங்களை எழுதியபோது, பாவத் தண்டனையைக் குறைக்கும் சீட்டைக் காசுக்கு விற்கலாமா என்பதுதான் வழக்காக இருந்தது. பிறகு அந்தக் கேள்வி யாத்திரை, நேர்த்தி, உபவாசம் என்று மனிதன் கடவுளுக்குத் தன் பங்காகச் செலுத்தும் அனைத்தின் மேலும் படர்ந்தது. ஆகவே அந்த உபதேசத்தைத் தமிழ்நாட்டு மண்ணில் ஊன்றிய தரங்கம்பாடிக்கு யாத்திரை புறப்படுவதில் ஒரு முரண் இருக்கத்தான் செய்கிறது. போனால் புண்ணியம் கிடையாது என்று அந்த ஊரே கற்றுக்கொடுத்திருக்கிறது. இருந்தும் போக வேண்டும் என்ற ஆசை எனக்கு வெகுநாளாக இருந்தது.

மயிலாடுதுறையில் ஏறிய பேருந்து செம்பனார்கோயில், ஆக்கூர் கடந்து திருக்கடையூரில் நின்றபோது பாதிப் பேர் இறங்கிவிட்டார்கள். அறுபதாம் கல்யாணத்துக்கும் சதாபிஷேகத்துக்கும் வந்தவர்கள். எமன் வீசிய பாசக்கயிற்றுக்குத் தப்ப மார்க்கண்டேயன் லிங்கத்தைக் கட்டிக்கொண்ட ஊர் அது. மரணத்திலிருந்து தன்னைத் தானே மீட்டுக்கொள்ள மனிதனால் ஆகாது, வேறொருவர் வந்து மீட்க வேண்டும் என்ற உணர்வு இந்த வட்டாரத்துக்குப் புதியதல்ல என்று எண்ணிக்கொண்டேன். இருபுறமும் சம்பா அறுவடை பாதி முடிந்த வயல்கள். அறுவடை இயந்திரம் இறங்க முடியாத சேற்று மூலைகளில் மட்டும் ஆட்கள் குனிந்து அறுத்துக்கொண்டிருந்தார்கள்.

1792இல் டேனியர் எழுப்பிய வெள்ளை நுழைவாயிலைத் தாண்டினால் ராஜ வீதி. நேரே கடல் தெரியும். 1706 ஜூலை 9 அன்று பர்த்தலோமேயு சீகன்பால்க், ஹென்றிக் புளுட்சோ என்ற இரண்டு இளம் ஜெர்மானியர்கள் இந்தக் கரையில் இறங்கினார்கள். அவர்களை அனுப்பியவர் டென்மார்க்கின் நான்காம் பிரடெரிக் மன்னர். சீகன்பால்க் அப்போது 24 வயதை எட்டும் தறுவாயில் இருந்தார், நோயாளி, முன்கோபி. தமிழ்ச் சிறுவர்களோடு திண்ணைப் பள்ளியில் உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகினார். கொன்றை வேந்தனையும் உலகநீதியையும் ஜெர்மன் மொழிக்குக் கொண்டுபோனார். 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். இவையெல்லாம் பள்ளிப் புத்தகத்திலேயே இருப்பவை. நான் பார்க்க வந்தது அவர் கட்டிய கோயிலையும், அதில் இன்றும் நடக்கும் ஆராதனையையும்.

புதிய எருசலேம் ஆலயத்தின் முகப்பில் கிரீடமும், அரசரின் பெயரெழுத்தும், 1718 என்ற ஆண்டும் சுதையில் துருத்தி நிற்கின்றன. தகுதி பாராமல் கடவுள் காட்டும் கிருபையைப் பிரசங்கிக்கக் கட்டிய கோயிலின் நெற்றியில் கிறிஸ்துவின் பெயருக்குப் பதில் ராஜாவின் முத்திரை. முதற்பார்வைக்கு இது உறுத்தலாகவே இருந்தது. உள்ளே சிலுவை வடிவில் நான்கு கைகளாக விரியும் கூடம், கனத்த சுவர்கள், சுண்ணாம்பு வெண்மை. பீடத்தருகே சீகன்பால்க் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். கோயில் பிரதிஷ்டையானது 1718 அக்டோபரில். அடுத்த பிப்ரவரி 23இல் அவர் இறந்தார், வயது 36. அவருடைய உடன் ஊழியர் கிருண்ட்லரும் மறு ஆண்டே இறந்து அங்கேயே அடங்கினார். ஈரத்துணியால் கல்லைத் துடைத்துக்கொண்டிருந்த கோயில்பிள்ளை, நான் தயங்கி நிற்பதைக் கண்டு, "மிதிக்கலாங்கய்யா, எல்லாரும் இப்படித்தான் போயி வருவாங்க" என்றார். இங்கே கல்லறையை யாரும் தொட்டு வணங்குவதில்லை. அதன் பக்கமாக நடந்து பீடத்துக்குப் போகிறார்கள்.

ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான லெந்து தொடங்குவதற்கு முந்தைய ஞாயிறுகளில் ஒன்று அது. ஆராதனை பாவ அறிக்கையோடு தொடங்கியது. சிந்தையினாலும் வார்த்தையினாலும் கிரியையினாலும் பாவம் செய்தோம் என்று சபையார் எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். வெள்ளிச் சரிகை போட்ட பெரியவரும், முன் வரிசையில் காலாட்டிக்கொண்டிருந்த பையனும், நானும் அதே சொற்களைத்தான் சொன்னோம். உன் பாவம் பெரிது, என் பாவம் சிறிது என்று பிரிக்க அந்த ஜெபத்தில் இடமே கிடையாது. கிறிஸ்தவம் பாவம் என்று பேசும்போது தப்புகளின் பட்டியலை மட்டும் குறிப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். பட்டியலாக இருந்தால் ஒவ்வொன்றாகத் திருத்தி அடித்துவிடலாம். ஆதி சபையின் இறையியலாளர் அகுஸ்தீனார் முதல் லுத்தர் வரை சொன்னது வேறு: மனித இருதயம் தன்னை நோக்கியே வளைந்து கிடக்கிறது, நல்லது செய்யும்போதும், அந்த நல்லதை வைத்து எனக்கு என்ன பெயர் கிடைக்கும் என்று ஓரக்கண்ணால் பார்க்கிறது. வளைந்த இருதயம் தன்னையே நிமிர்த்திக்கொள்ள எடுக்கும் முயற்சியும் அந்த வளைவோடுதான் நடக்கும். அதனால்தான் மீட்பு வெளியிலிருந்து வர வேண்டியிருக்கிறது. "எல்லாரும் பாவஞ்செய்து, தேவமகிமையற்றவர்களாகி, இலவசமாய் அவருடைய கிருபையினாலே கிறிஸ்து இயேசுவிலுள்ள மீட்பைக்கொண்டு நீதிமான்களாக்கப்படுகிறார்கள்" என்று பவுல் ரோமருக்கு எழுதியதில் 'இலவசமாய்' என்பதைப் போதகர் நிறுத்தி இரண்டு முறை வாசித்தார். அதன் பின் திரும்பி நின்று மன்னிப்பை அறிவித்தார். மன்னிப்புக் கிடைக்கட்டும் என்ற வேண்டுதலாக அது ஒலிக்கவில்லை. கிடைத்துவிட்டது என்ற அறிவிப்பாக இருந்தது. செய்த வேலை என்ன என்று யாரையும் கேட்கவில்லை.

அன்றைய சுவிசேஷப் பகுதி மத்தேயு 20ஆம் அதிகாரம், திராட்சத் தோட்டக் கூலியாட்களின் உவமை. விடியற்காலையில் வந்தவர்களுக்கு ஒரு பணம் என்று பேசி வேலைக்கு அமர்த்திய எஜமான், பதினோராம் மணி வேளையில், அதாவது பொழுது சாயும் ஐந்து மணிக்கு, வந்தவர்களுக்கும் அதே ஒரு பணத்தைக் கொடுக்கிறான். நாளெல்லாம் வெயிலைச் சகித்தவர்கள் முறுமுறுக்கிறார்கள். "நான் தயாளனாயிருக்கிறபடியால், நீ வன்கண்ணனாயிருக்கலாமா" என்று எஜமான் கேட்கிறான். அறுவடைக் கூலி ஊரெங்கும் பேச்சாக இருக்கும் மாதத்தில் டெல்டாவில் இந்த உவமையைக் கேட்பது, நகரத்துக் கோயிலில் கேட்பதுபோல் இல்லை. யாருக்கு எவ்வளவு கூலி என்பதில் அடிதடி நடக்கும் ஊர்க்காரர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். போதகரும் அதைத் தெரிந்தே பேசினார். கூலிக்கணக்கில் இது அநியாயம்தான், அதை மழுப்ப வேண்டியதில்லை என்று ஒப்புக்கொண்டார். கடவுள் நம்மிடம் கூலிக்கணக்குப் பார்த்தால் விடியலில் வந்தவனுக்கும் தேறாது என்பதுதான் உவமையின் கூர்மை என்றார்.

ஆராதனை முடிந்து வாசலில் நின்றபோது வயல் வேலைக்குப் போகும் அம்மா ஒருவர் அவரை மறித்தார். "ஏங்கய்யா, காலையில வந்தவங்க மறுநாள் எத்தனை மணிக்கு வந்திருப்பாங்க?" என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். போதகரும் சிரித்தார், பிறகு, "அதைத்தாம்மா பவுல்கிட்டயும் கேட்டாங்க" என்று ரோமர் 6ஆம் அதிகாரத்தை நினைவூட்டினார். கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாமா என்ற கேள்வி அங்கே எழுகிறது. இரண்டாயிரம் ஆண்டுகளாக இந்த உபதேசத்தின் மேல் வைக்கப்படும் மிக வலுவான ஆட்சேபத்தை அந்த அம்மா கூலி மொழியில் வைத்துவிட்டார். இலவசம் என்றால் எவன் உழைப்பான்?

இதற்கு லுத்தர் தரும் பதிலைக் கோயில் நிழலில் உட்கார்ந்து நெடுநேரம் யோசித்தேன். நல்ல கிரியைகளால் மனிதன் நீதிமான் ஆவதில்லை. நீதிமானாக ஏற்கப்பட்டவன் நற்கிரியை செய்யாமல் இருக்க முடியாது. கனி மரத்தை உண்டாக்குவதில்லை என்றாலும், நல்ல மரம் கனி தரும். அவர் எழுதிய சிறிய ஞானோபதேசம் என்ற போதனை நூலில், விசுவாசப் பிரமாணத்தின் மூன்றாம் பகுதிக்கான விளக்கம் இன்னும் ஒரு படி போகிறது: என் சொந்த அறிவினாலோ பெலத்தினாலோ நான் கிறிஸ்துவை விசுவாசிக்கக்கூட முடியாது, பரிசுத்த ஆவியே என்னை அழைத்தார் என்று அது தொடங்குகிறது. நம்பிக்கையாவது என் பங்கு என்று ஒதுக்கி வைத்திருந்ததையும் அது எடுத்துவிடுகிறது. தமிழருக்கு இந்த வாதம் அந்நியமானதல்ல. தாயை இறுகப் பற்றும் குரங்குக்குட்டியா, தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டியா என்று வைணவத்தில் வடகலையாரும் தென்கலையாரும் வாதாடியது கிட்டத்தட்ட இதைத்தான். "அவன் அருளாலே அவன் தாள் வணங்கி" என்று மணிவாசகர் பாடினார். கடற்கரையோரம் அலை அரித்துப் பாதி போன மாசிலாமணிநாதர் கோயில், புதிய எருசலேம் ஆலயத்திலிருந்து நடக்கும் தூரத்தில்தான் இருக்கிறது. இரண்டும் ஒன்றே என்று நான் சொல்லமாட்டேன். கிறிஸ்தவத்தில் கிருபைக்கு ஒரு தேதியும் இடமும் உண்டு, பொந்தியு பிலாத்துவின் நாட்களில் எருசலேமுக்கு வெளியே ஒரு சிலுவை. கடனை அங்கே ஒருவர் அடைத்தார் என்பது அதன் உயிர்நிலை. ஆயினும் சீகன்பால்க் பேச வந்தபோது, அருளுக்காக ஏங்கும் காதுகள் இங்கே ஏற்கெனவே இருந்தன என்பதை மறைப்பது நியாயமில்லை.

நியாயத்தைப் பேசும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1707 மே மாதம் இந்த மிஷனில் முதலில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் ஐந்து அடிமைகள். அவர்களுடைய எஜமானர்கள் டேனியக் கிறிஸ்தவர்கள். ஞானஸ்நானத்துக்குப் பின்னும் அவர்கள் அடிமைகளே. 18ஆம் நூற்றாண்டு முழுவதும் மிஷன் கோயில்களில் சாதி பார்த்து இடம் பிரித்து உட்காரவைத்தார்கள். தஞ்சைப் பகுதியில் பெரும் ஊழியம் செய்த உபதேசியார் ராஜநாயக்கனுக்குக் குருப்பட்டம் கொடுக்க மிஷனரிகள் துணியவில்லை. அவர் ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர். அவர் கையால் திருவிருந்து வாங்க மற்றவர்கள் மறுப்பார்கள் என்ற பயம். தமிழர்களில் 1733இல் ஆரோனும் 1741இல் தியோகுவும் குருப்பட்டம் பெற்றார்கள். ராஜநாயக்கன் கடைசிவரை உபதேசியாராகவே இருந்தார். ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் அதே பணம் என்று பிரசங்கித்தவர்கள், விடியலில் வந்து நின்ற ஒருவரின் கையில் அப்பத்தட்டைக் கொடுக்க அஞ்சினார்கள். முகப்பிலிருக்கும் ராஜமுத்திரையைவிட இது எனக்குப் பெரிய உறுத்தல். கிருபையை வாயால் சொல்வது எளிது. அதை வாங்கிக்கொண்டவன் பக்கத்தில் இருப்பவனை அளக்கும் படியைக் கீழே போடுவதுதான் கடினம்.

அன்றைய திருவிருந்தை அந்த நினைவோடுதான் வாங்கினேன். கிராதியின் முன் முழங்காலிட்ட வரிசையில் எனக்கு இடப்பக்கம், பின்னர் போதகரை மறித்த அதே அம்மா இருந்தார். வெடிப்பு விழுந்து மஞ்சள் ஏறிய உள்ளங்கைகளை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து நீட்டினார். போதகர் அப்பத்தை அதில் வைத்து, "உனக்காகக் கொடுக்கப்பட்ட சரீரம்" என்றார். என் கையிலும் அதே சொல், அதே அளவு.

மதியத்துக்குமேல் டேன்ஸ்பர்க் கோட்டைக்குப் போனேன். 1708இன் கடைசியில் சீகன்பால்க்கை நான்கு மாதம் இங்கே அடைத்து வைத்தவர் கோட்டையின் டேனியத் தளபதி ஹாசியஸ். அவரும் அதே லுத்தரன் சபைக்காரர். கோட்டை அருங்காட்சியகத்தைச் சுற்றிவிட்டுப் பொறையார் வந்து நாகப்பட்டினம் பேருந்தைப் பிடித்தேன்.

பேருந்தில் எனக்கு முன்னால் வேளாங்கண்ணிக்குப் போகும் ஒரு குடும்பம். தகப்பன், தாய், மடியில் ஒரு சிறுமி. அவளுக்கு மொட்டை போடப் போவதாகச் சொன்னார்கள். கிருபை இலவசம் என்று காலையில் கேட்டுவிட்டு மாலையில் நேர்த்திக்கடனைச் சந்திப்பதில் எனக்குள் ஒரு லுத்தரன் வாதம் தயாரானது. ஆனால் அந்த வழக்கின் மையத்தில் கத்தோலிக்கரும் லுத்தரன்மாரும் 1999 அக்டோபர் 31இல் அவுக்ஸ்பர்க் நகரில் கூட்டறிக்கை ஒன்றில் கையெழுத்திட்டுவிட்டார்கள். நம் தகுதி எதனாலும் அல்ல, கிருபையினால் மட்டுமே கடவுள் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்பதை இரு சபைகளும் சேர்ந்தே அதில் அறிக்கையிட்டன. எஞ்சியிருப்பது மக்கள் மனத்தில் உள்ள கணக்கு. பிள்ளைக்கு என்ன வேண்டுதல் என்று கேட்டேன்.

"பொறந்தப்போ மூச்சே இல்லீங்க," என்றார் அந்தத் தாய். "மாதா அன்னிக்கே குடுத்துட்டாங்க. நாங்கதான் கையில காசு சேரலைன்னு இத்தனை வருசம் தள்ளிப்போட்டுட்டோம்."

"அதுக்காக மாதா கோவிச்சுக்கலையா?" என்றேன்.

"குடுத்ததைத் திருப்பியா வாங்குவாங்க?" என்று சொல்லிவிட்டு, காரைக்கால் நிறுத்தம் வந்ததும் பிள்ளைக்குத் தண்ணீர் வாங்கிவரச் சொல்லிக் கணவரை இறக்கிவிட்டார்.