டிஜோன் நாட்குறிப்பு: ஆந்தை காட்டிய வழி

மே 14, செவ்வாய்

பாரிஸிலிருந்து காலை ரயிலில் டிஜோன் வந்து சேர்ந்தோம். மனைவி சற்றுக் கண்ணயரட்டும் என்று விடுதியில் விட்டுவிட்டு, நான் மட்டும் டார்சி பூங்காவுக்கு நடந்தேன். இந்நகரைச் சுற்றிப் பார்க்க வழிகாட்டி யாரையும் அமர்த்த வேண்டியதில்லை. ஆந்தை பொறித்த சிறு பித்தளை முக்கோணங்களை நடைபாதைக் கற்களுக்கிடையே பதித்து வைத்திருக்கிறார்கள். அவற்றின் முனை காட்டும் பக்கம் நடந்துகொண்டே இருந்தால் எண்ணிட்ட 22 இடங்களையும் பார்த்துவிடலாம்.

முதல் இடமே இந்தப் பூங்காதான். வருபவர்கள் வெள்ளைக் கரடிச் சிலையோடு படம் எடுத்துக்கொண்டு அடுத்த முக்கோணத்தைத் தேடிப் போய்விடுகிறார்கள். பொம்போன் என்ற சிற்பியின் புகழ்பெற்ற கரடியின் நகல் அது; நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நிலத்தடி நீர்த் துறையில் முப்பது ஆண்டுகள் குப்பை கொட்டிய எனக்கு, கரடியைவிடக் காலுக்குக் கீழே இருந்ததுதான் பெரிதாகப்பட்டது. பூங்காவுக்கு அடியில் இருப்பது, இந்த ஊர்ப் பொறியாளர் ஹென்றி டார்சி கட்டிய நீர்த்தேக்கம். அசுத்தமான கிணறுகளையும், சாக்கடையாகிப் போன சுசோன் ஓடையையும் நம்பியிருந்த ஊருக்கு, ரொசுவார் ஊற்றிலிருந்து 12 கிலோமீட்டருக்கும் அதிகமான நிலத்தடிக் கால்வாய் வழியாக, எந்த இயந்திரமும் இல்லாமல் சரிவை மட்டும் நம்பி, 1840இல் அவர் தண்ணீர் கொண்டுவந்தார். அதற்கான ஊதியத்தையும் வாங்க மறுத்துவிட்டார்.

பின்னர் 1855, 1856 ஆண்டுகளில் இதே ஊர் மருத்துவமனை ஒன்றில் மணல் நிரப்பிய குழாயை நிறுத்தி, அதன் வழியே தண்ணீர் எவ்வளவு கசிகிறது என்று அளந்தார். நீர்மட்ட வேறுபாடு கூடினால் கசிவும் அதே விகிதத்தில் கூடும்; மணலின் நீளம் கூடினால் குறையும். இவ்வளவுதான் டார்சி விதி. நகரின் குடிநீர்த் திட்டத்தைப் பற்றி 1856இல் அவர் வெளியிட்ட நூலின் பிற்சேர்க்கையில் அது இடம்பெற்றது. நான் பணியில் இருந்தபோது ஆழ்துளைக் கிணறுகளில் நடத்திய நீரிறைப்புச் சோதனை ஒவ்வொன்றும் அந்த மணல் குழாயிலிருந்து கிளைத்ததுதான். பூங்காவில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டேன். இரண்டாவது முக்கோணத்தை இன்னும் தொடவில்லை.

மே 15, புதன்

இன்று இருவருமாக நடந்தோம். 1788இல் எழுந்த கியோம் வளைவையும் ஃபோர்ஜ் தெருவின் பழைய மாளிகைகளையும் விரைவாகக் கடந்து, நோத்ர்-தாம் தேவாலயத்துக்கு வந்தோம். 13ஆம் நூற்றாண்டுக் கட்டடம். முகப்பில் மூன்று வரிசையாக 51 விசித்திர உருவங்கள் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கின்றன. நம் கோயில்களின் கோமுகிபோல் மழைநீரை வெளியேற்றத்தான் இத்தகைய உருவங்களை வைப்பது வழக்கம். இங்கோ ஒன்றின் வாயிலும் நீர் வழிவதில்லை, எல்லாம் வெறும் அலங்காரம். திருமணத்துக்கு வந்த வட்டிக்கடைக்காரன் ஒருவன் தலையில், கல்லில் செதுக்கிய வட்டிக்கடைக்காரனே விழுந்து கொன்றுவிட்டதாகவும், அதன்பின் முகப்பிலிருந்த பழைய உருவங்களை அகற்றிவிட்டதாகவும் ஒரு கதை உண்டு. இப்போது இருப்பவை 19ஆம் நூற்றாண்டில் செய்து வைத்தவை.

தேவாலயத்தின் பக்கவாட்டுச் சந்தில்தான் அந்த ஆந்தை இருக்கிறது. அலகும் கண்ணும் தேய்ந்து வழுவழுவென்று ஆகி, சொன்னால்தான் ஆந்தை என்று தெரியும். இடது கையால் தடவி வேண்டிக்கொண்டால் நினைத்தது நடக்குமாம். 2001 ஜனவரியில் யாரோ ஒருவர் சுத்தியலால் அடித்துச் சிதைத்துவிட, பின்னர் சீரமைத்தார்கள்.

என் மனைவி தயங்கினாள். "என்னங்க, ஆந்தையைத் தொடுவதே ஆகாது, அதையும் இடது கையாலா?" என்று கேட்டாள். ஆந்தை அலறினால் விளக்கேற்றச் சொல்லும் வீட்டில் வளர்ந்தவள். பின்னால் நின்ற பள்ளிக்கூடப் பிள்ளைகள் பொறுமையிழப்பதைப் பார்த்துவிட்டு, இடது கையால் தடவிய வேகத்தில் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டாள். என்ன வேண்டினாள் என்று சொல்லவில்லை.

மே 16, வியாழன்

காலையில், ஒரு காலத்தில் இப்பகுதியை ஆண்ட பர்கண்டிப் பிரபுக்களின் அரண்மனைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்தில், அவர்களில் ஒருவரான துணிவுள்ள பிலிப்பின் கல்லறையைப் பார்த்தோம். மேலே படுத்திருக்கும் பிரபுவைவிட, கீழே வரிசையாகச் செல்லும் துக்கம் காப்பவர்களின் சிறு சிலைகளே மனத்தைப் பிடித்தன. முழங்கை உயரம்கூட இராது. முகத்தையே மறைக்கும் முக்காட்டுக்குள் ஒருவர் தலை குனிந்திருக்கிறார். அழுகை முழுவதும் துணியின் மடிப்பில் இருக்கிறது. அதே அரண்மனையின் பிலிப் லெ போன் கோபுரத்துக்கு 316 படிகள் என்றதும் என் முழங்கால் விடுப்புக் கேட்டது.

பிற்பகலில் சென்ற புனித பிலிபெர் தேவாலயத்தின் கதவு பூட்டியிருந்தது. பலரும் நின்று பார்க்காத இடம். எனக்கோ இந்தப் பயணத்தின் மிக முக்கியமான சுவர். 12ஆம் நூற்றாண்டில் கட்டிய இந்தத் தேவாலயம் பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் உப்புக் கிடங்காயிற்று. உப்பு தரைக்குள் இறங்கி நெடுங்காலம் சும்மா கிடந்தது. 1970களில் உள்ளே குளிரைப் போக்கச் சூடேறும் தரையைப் போட்டார்கள், வந்தது வினை. வெப்பம் தரையிலிருந்த ஈரத்தை உப்போடு சேர்த்துக் கல்லின் நுண்துளைகள் வழியே மேலே ஏற்றிவிட்டது. நீர் ஆவியாகிப் போக, உப்பு மட்டும் படிகமாகி உள்ளிருந்து கல்லைப் பிளந்து மாவாக உதிர்த்தது. தேவாலயத்தைப் பல்லாண்டுகள் மூடிவைக்க வேண்டியதாயிற்று. நம் ஊரில் "சுவரில் உப்பு பூத்துவிட்டது" என்று சொல்லி வெள்ளையடித்துவிடுவோமே, அதே நோய்தான். நுண்துளைகளில் நீர் நகர்வதை உலகுக்கே அளந்து சொன்னவரின் ஊரில் இப்படி நேர்ந்ததை எண்ணிச் சிரிப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை.

மே 17, வெள்ளி

காலையில் சந்தை. இரும்பும் கண்ணாடியுமாக நிற்கும் 19ஆம் நூற்றாண்டுக் கூடாரம். கடுகு விழுது வாங்கினோம். இங்கே அரைப்பதும் நாம் தாளிக்கும் கடுகும் ஒரே இனம். எண்ணெயில் பொரிக்காமல் பச்சையாக அரைப்பதால் நெடி மூக்கில் ஏறுகிறது. விதையின் பெரும்பகுதி கனடாவிலிருந்து வருவதால், 2021இல் அங்கே வறட்சி வந்தபோது மறு ஆண்டு பிரெஞ்சுக் கடைகளில் இந்தப் புட்டிக்கே தட்டுப்பாடு ஏற்பட்டது.

பிற்பகலில் ஆந்தைப் பாதையின் கிளைவழி ஒன்றைப் பிடித்து, மேற்கே ஷான்மோலில் உள்ள மோசேயின் கிணற்றுக்குப் போனோம். ஒரு காலத்தில் மடமாக இருந்த இடம் இப்போது மனநல மருத்துவமனை வளாகம். கிணறு என்ற பெயர்தான் என்னை இழுத்தது. உண்மையில் அது மடத்து முற்றத்தின் கிணற்று நடுவே எழுப்பிய பெரிய சிலுவையின் அடிப்பீடம். மேலே இருந்த சிலுவை உடைந்துபோக, கிளாஸ் ஸ்லூட்டர் 1400ஐ ஒட்டிய ஆண்டுகளில் செதுக்கிய ஆறு தீர்க்கதரிசிகள் மிஞ்சியிருக்கிறார்கள். மோசேயின் தாடி நீரோட்டம்போல் இரு பிரிவாய் இறங்குகிறது. எரேமியாவுக்கு ஒரு காலத்தில் செம்பாலான மூக்குக்கண்ணாடிகூட மாட்டியிருந்தார்களாம்.

திரும்பும் வழியில் தாகத்துக்குத் தண்ணீர் பாட்டில் வாங்கலாம் என்றாள் மனைவி. டார்சியின் ஊரில் தண்ணீரை விலை கொடுத்து வாங்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்து, பூங்கா அருகே குழாயில் பிடித்துக் கொடுத்தேன். இரண்டு மிடறு குடித்துவிட்டு, "நம் வீட்டு போர் தண்ணீர் மாதிரியே சுண்ணாம்பு வாடை அடிக்கிறது" என்றாள்.