லாரி லேனில் டீசல்: ஐ-80 நெடுஞ்சாலை நாட்குறிப்பு

ஜூன் 7, 2025, சனி. வால்காட், அயோவா

இல்லினாய் மாநிலத்தின் நேப்பர்வில்லிலிருந்து காலையில் கிளம்பியபோது எங்கள் பிக்கப்பின் டேங்கில் பாதிக்குச் சற்று மேல்தான் டீசல் இருந்தது. வேண்டுமென்றேதான் நிரப்பாமல் வந்தேன். டீசலுக்கு இல்லினாய் விதிக்கும் வரி அயோவாவைவிட மிக அதிகம் என்பதால், மிசிசிப்பி ஆற்றைத் தாண்டிவிட்டால் அதே டீசல் கையைக் கடிக்காத விலைக்குக் கிடைக்கும். சரக்கு லாரிக்காரர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் எங்கே நிரப்பினாலும், எந்த மாநிலத்தில் எத்தனை மைல் ஓடினார்களோ அந்த மாநிலத்துக்குத்தான் வரி போய்ச் சேர வேண்டும். அதற்கென்றே இஃப்டா என்ற ஒப்பந்தம் இருக்கிறது, காலாண்டுக்கு ஒருமுறை கணக்குக் காட்ட வேண்டும். ஆகவே லாரிக்காரர் பம்பு விலையிலிருந்து வரியைக் கழித்துவிட்டுத்தான் எங்கே மலிவு என்று பார்க்கிறார். சொந்த உபயோகத்துக்கு ஆர்.வி. எனப்படும் பயண வீட்டு வண்டியை இழுத்துப் போகிற நமக்கு அந்த ஒப்பந்தம் கிடையாது. பலகையில் இருக்கும் விலைதான் விலை.

நிரப்ப நின்ற இடம் எக்ஸிட் 284-இல் உள்ள ‘அயோவா 80’. 1964-இல் தொடங்கிய இந்த ட்ரக் ஸ்டாப் தன்னை உலகிலேயே பெரியது என்று சொல்லிக்கொள்கிறது. உள்ளே பல் மருத்துவரும் முடிதிருத்தகமும் இருக்கும் இடத்தில் அந்தப் பெருமையை யாரும் மறுக்கப் போவதில்லை. எனக்கு அங்கே பிடித்தது லாரிகளுக்கென்று தனியாக உள்ள பம்பு வரிசைகளான லாரி லேன்களின் அகலமும் நீளமும்தான். டீசல் பிக்கப்பும் அதன் பின்தட்டில் கொக்கி மாட்டி இழுக்கும் ஃபிஃப்த் வீல் ட்ரெய்லரும் சேர்ந்து ஐம்பது அடிக்கு மேல் போகின்றன, உயரம் பதின்மூன்று அடியைத் தொடுகிறது. கார்களுக்கான பம்புகளுக்கிடையே இதைக் கொண்டு நுழைவது சிரமம் அல்ல, வெளியே வருவதுதான் சிரமம். வண்டி திரும்பும்போது ட்ரெய்லரின் சக்கரங்கள் பிக்கப் போன தடத்தில் வருவதில்லை, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வருகின்றன. அதே நேரத்தில் ட்ரெய்லரின் வால் எதிர்ப்பக்கம் வீசுகிறது. பம்புகளைக் காக்க நட்டிருக்கும் மஞ்சள் இரும்புத் தூண்களை அருகில் போய்ப் பாருங்கள்: இடுப்பு உயரத்தில் வெள்ளை, வெளிர் பழுப்பு, சாம்பல் என்று பல நிறப் பெயின்ட் கீறல்கள் படிந்திருக்கும். அவற்றில் பெரும்பாலானவை ஆர்.வி. நிறங்கள். லாரி லேனில் நேராக நுழைந்து நேராக வெளியேறலாம், கூரையும் உயரம். பெட்ரோல் பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இந்த வசதி இல்லை, ஏனென்றால் அங்கே பெட்ரோல் கிடைக்காது.

நிரப்பியபின் எடை மேடைக்குப் போனோம். லாரி எடை மேடைகளை நடத்தும் கேட் ஸ்கேல் நிறுவனமும் இந்த வால்காட்டில்தான் 1977-இல் தொடங்கியது. காலன் டீசல் ஏறக்குறைய ஏழு பவுண்டு. முப்பத்துநான்கு காலன் டேங்க் என்றால் இருநூற்று நாற்பது பவுண்டு அளவுக்கு அதுவே வந்துவிடும். எனவே நிரப்பியபின் எடை போடுவதுதான் சரி. முன் அச்சு, பின் அச்சு, ட்ரெய்லர் அச்சுகள் ஆகியவை மேடையின் தனித்தனித் தட்டுகளில் நிற்க வேண்டும். எங்கள் எண்கள் வரம்புக்குள்தான் இருந்தன, பின் அச்சில் மட்டும் தாராளமாக மிச்சம் இல்லை. நல்ல தண்ணீர் டேங்கைப் பாதியாக்கிவிட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு. நெப்ராஸ்கா

லாரி பம்பைப் பற்றி இன்று விரிவாக எழுதி வைக்கிறேன், ஏனென்றால் முதல்முறை வருகிறவரைத் தடுமாற வைப்பது டீசல் அல்ல, திரை கேட்கும் கேள்விகள். கார்டைச் செருகியதும் லாரி எண், ட்ரெய்லர் எண், ஓடோமீட்டர் அளவு, நிறுவனத்தின் பெயர் என்று வரிசையாகக் கேட்கும். நிறுவனத்துக்கு நம் பெயரையும், லாரி எண்ணுக்கு ஏதேனும் ஓர் எண்ணையும் கொடுத்தால் போதும். அவை ரசீதில் அச்சாவதற்குத்தான். அடுத்து எஞ்சினுக்கா, ரீஃபருக்கா, இரண்டுக்குமா என்று கேட்கும். இங்கே மட்டும் கவனம் வேண்டும். ரீஃபர் என்பது குளிர்பதனப் பெட்டியை ஓட்டும் தனி எஞ்சின். அதற்கான எரிபொருள் சாலை வரி இல்லாமல் விற்கப்படும். சில இடங்களில் அதற்குச் சிவப்புச் சாயமும் கலந்திருக்கும். அந்தச் சாய டீசல் சாலையில் ஓடும் வண்டியின் டேங்கில் இருப்பது தெரிந்தால் ஆயிரம் டாலர் அல்லது காலனுக்குப் பத்து டாலர், இவற்றில் எது அதிகமோ அது அபராதம்.

எல்லா லாரி பம்புகளும் சாதாரண வங்கிக் கார்டை ஏற்பதில்லை. ஏற்பவையும் ஒரு தொகைக்கு மேல் தாமே நின்றுவிடுகின்றன. ஆர்.வி. வைத்திருப்பவர்களுக்கென்று வந்திருக்கும் டீசல் கார்டுகள் லாரி நிறுவனங்களுக்கான தள்ளுபடியை நமக்கும் தருகின்றன. ஆனால் அவை பெரும்பாலும் லாரி லேனில்தான் செல்லும். பலர் லாரி லேனுக்கு வருவதற்கு இடவசதியைவிட இந்தத் தள்ளுபடிதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஒவ்வொரு லேனிலும் இரு பக்கமும் பம்பு இருக்கும். லாரிகளுக்கு இடப்பக்கம் ஒரு டேங்க், வலப்பக்கம் ஒரு டேங்க் என்பதால், ஓட்டுநர் பக்கத்தில் தலைமைப் பம்பும் மறுபக்கத்தில் அதற்குக் கட்டுப்பட்ட துணைப் பம்பும் நிற்கின்றன. எங்கள் பிக்கப்பின் வாய் ஓட்டுநர் பக்கமே இருப்பதால் துணைப் பம்போடு வேலை இல்லை. நாசில்தான் தடிமன். கார்களுக்கான பெட்ரோல் பம்பு நிமிடத்துக்குப் பத்து காலனுக்கு மேல் தரக்கூடாது என்று விதி இருக்கிறது. லாரி பம்பு அதைப்போல் பல மடங்கு வேகத்தில் கொட்டும். முழு விசையும் அழுத்தினால் டீசல் டேங்கின் கழுத்திலேயே டபராவில் ஆற்றிய காபி மாதிரி நுரைத்தெழுந்து நாசிலை நிறுத்திவிடும். டேங்க் நிறைந்துவிட்டது என்று எண்ணிக் கிளம்பினால் அறுபது மைலில் முள் கீழே வந்துவிடும். நாசில் விசையைப் பிடித்து நிறுத்தும் பற்களில் முதல் பல்லில் மட்டும் வைத்து, முடிவில் நுரை அடங்கும்வரை காத்திருந்து இரண்டு காலன் மீண்டும் விடுவது என் வழக்கம். தடித்த நாசில் எல்லாப் பிக்கப்புகளின் வாயிலும் நுழையாது என்பதையும் வண்டி வாங்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதே பம்பிலேயே டெஃப் குழாயும் இருந்தது. முப்பத்திரண்டரை சதவீதம் யூரியா, மீதி கனிமம் நீக்கிய தண்ணீர். புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்க 2010-இன் புகைக் கட்டுப்பாடுகளோடு பரவலாக வந்தது. கடைக்குள் அட்டைப் பெட்டியில் வாங்குவதைவிட இங்கே பம்பில் பிடித்தால் ஏறக்குறையப் பாதி விலை. டெஃப் டேங்கின் நீல மூடியைத் திறக்கும்போது என் மனைவி பேசுவதை நிறுத்திவிடுவாள், நானும் பதில் சொல்ல மாட்டேன். அந்தத் திரவம் டீசல் டேங்குக்குள் போனால் எரிபொருள் அமைப்பு முழுவதையும் மாற்ற வேண்டிவரும், அரட்டைக்கு அந்த நிமிடம் உகந்ததல்ல.

நிரப்பி முடித்தவுடன் வண்டியை முன்னால் இருக்கும் கோடுவரை நகர்த்திவிட வேண்டும். ரசீது, கழிப்பறை எல்லாம் அதற்குப் பிறகு. இதை வெறும் மரியாதை என்று நினைக்கக் கூடாது. லாரி ஓட்டுநருக்குப் பதினான்கு மணி நேர வேலைநாளுக்குள் பதினொரு மணி நேரம்தான் ஓட்ட அனுமதி. அந்தக் கடிகாரத்தை 2017 டிசம்பரிலிருந்து மின்னணுக் கருவியே ஓட்டுகிறது. பம்பருகே நிற்கும் நிமிடங்களும் அந்தப் பதினான்கில்தான் கழிகின்றன. இன்று பக்கத்து லேனில் ஒரு பெரிய மோட்டார் ஹோம் பம்பை விட்டு நகராமல் நின்றது. உரிமையாளர் கண்ணாடி முழுவதையும் நிதானமாகத் துடைத்தார். பின்னால் நின்ற லாரிக்காரர் ஹார்ன் அடிக்கவில்லை, இறங்கி வந்து கைகட்டி நின்றார். எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.

இரவு லாரிகளுக்கான இடத்தில் ட்ரெய்லரை நிறுத்திவிட்டுத் தூங்குவதையும் நாங்கள் செய்வதில்லை. 2009 மார்ச்சில் ஜேசன் ரிவன்பர்க் என்ற ஓட்டுநர் சரக்கு இறக்கும் நேரத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்து, பாதுகாப்பாக நிறுத்த இடமில்லாமல் தென் கரோலினாவில் கைவிடப்பட்ட ஒரு பெட்ரோல் பங்கில் லாரியை நிறுத்தித் தங்கினார். கொள்ளைக்கு வந்தவன் அவரைச் சுட்டுக் கொன்றான். அவர் பெயரால் ஒரு சட்டம் 2012-இல் வந்தது. நிறுத்துமிடப் பற்றாக்குறை இன்னும் தீரவில்லை. நமக்கு ஆர்.வி. பூங்கா இருக்கிறது, பணம் கொடுத்தால் இடம் கிடைக்கும்.

ஜூன் 9, திங்கள். ஷையான், வயோமிங்

இன்று டீசல் கதை சுருக்கம்; ‘சாப் பிரதர்ஸ்’ நிலையத்தில், அவர்களுடைய அடையாளமான காபிக் கூஜாவைப் பார்த்தபடி நிரப்பினோம். மற்றொரு நிலையத்தில் ஆர்.வி. லேன் என்று பலகை இருந்தும் ஆர்.வி.யின் கழிவுநீரை இறக்கும் தொட்டியின் மூடிக்குப் பூட்டுப் போட்டிருந்தார்கள். கட்டணம் வாங்கிய பிறகுதான் சொன்னார்கள், திரும்பப் பெற கால் மணி நேரம் நின்றேன்.

புரோப்பேனும் இன்று நிரப்பினோம். சிலிண்டரை நாம் தொட முடியாது, பணியாளர் வந்துதான் நிரப்புவார், எண்பது சதவீதத்தில் நிறுத்துவார்; வெயிலில் திரவம் விரிவதற்கு மீதி இடம் வேண்டும். எரிவாயு தொடர்பான இன்னொரு பழக்கத்தையும் குறிக்கிறேன். ஃப்ரிட்ஜ் கேஸில் ஓடுகிறதென்றால் ட்ரெய்லருக்குள் ஒரு தீச்சுடர் எரிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். டீசல் 52 டிகிரி செல்சியஸுக்குக் கீழே எளிதில் பற்றாது, ஆனால் ஆர்.வி. லேனிலும் கார் லேனிலும் பக்கத்திலேயே பெட்ரோல் ஆவி இருக்கும். எக்ஸிட்டில் இறங்கும் முன்பே ஓரமாக நிறுத்தி சிலிண்டர் வால்வை மூடிவிடுகிறோம்.

ஜூன் 10, செவ்வாய். லிட்டில் அமெரிக்கா, வயோமிங்

ஷையானுக்கும் லாரமிக்கும் இடையே ஐ-80 தன் மிக உயரமான இடமான 8,640 அடியைத் தொடுகிறது. ஏற்றம் ஒருபுறம், எதிர்க்காற்று மறுபுறம். வழக்கமாகக் காலனுக்குப் பத்து மைல் இழுக்கும் வண்டி இன்று எல்க் மலைப்பக்கம் ஏழரைக்கு இறங்கியது. காற்று அளவு மீறினால் எடை குறைந்த உயரமான வண்டிகளுக்குச் சாலையையே மூடிவிடும் பகுதி இது. லாரமிக்கும் ராலின்ஸுக்கும் இடையே சுமார் நூறு மைலுக்கு லாரி பம்பு உள்ள நல்ல நிலையங்கள் அரிது என்பதால், ‘அரை டேங்கில் நிரப்பு’ என்ற விதியை வயோமிங்கில் நான் தளர்த்துவதில்லை.

ராலின்ஸுக்கு முன்பே சிங்க்ளேர் என்ற ஊரும் அதன் சுத்திகரிப்பு ஆலையும் சாலையிலிருந்தே தெரிகின்றன. பச்சை டைனோசர் சின்னமுள்ள டீசல் அங்கிருந்து வருகிறது. மாலையில் எக்ஸிட் 68-இல் லிட்டில் அமெரிக்கா. பனிப்புயலில் சிக்கிய இடையன் ஒருவன் கனவு கண்ட இடம் என்று இதன் கதை சொல்லப்படும். எனக்கு அதைவிட 1952-இல் நிர்வாகம் ஏற்ற ஏர்ல் ஹோல்டிங்கின் கதை சுவையாக இருக்கிறது: நெடுஞ்சாலையோரம் பங்கும் விடுதியும் நடத்தியவர் 1976-இல் சிங்க்ளேர் எண்ணெய் நிறுவனத்தையே வாங்கிவிட்டார்.

இன்றைய லேன் சற்றுக் குறுகல். “கொஞ்சம் இடப்பக்கம் ஒடிங்க... போதும், இனி நேரா எடுங்க” என்று என் மனைவி போனில் வழிகாட்டினாள். தூணுக்கும் ட்ரெய்லருக்கும் இடையே ஒரு சாண் இருந்தது. லேன் முடிந்ததும் உடனே திருப்பாமல், ட்ரெய்லரின் அச்சு கடைசித் தூணைத் தாண்டும்வரை நேராகவே ஓட்டினேன். வால் வீச்சுக்கு அதுதான் மருந்து.

ஜூன் 11, புதன். எவன்ஸ்டன்

வயோமிங்கின் எரிபொருள் வரி காலனுக்கு 24 சென்ட். எல்லைக்கு அப்பால் யூட்டாவில் அதைவிட அதிகம். ஆகவே இங்கேயே டேங்கை நிரப்பி, டெஃப் மட்டத்தையும் பார்த்துவிட்டோம். பின்னால் காத்திருந்த ஓட்டுநரிடம், யூட்டாவில் வரும் பார்லீஸ் பள்ளத்தாக்கு இறக்கத்தில் எந்த கியரில் போவது நல்லது என்று கேட்டேன். முப்பது டன்னுக்கு மேல் இழுப்பவர் அவர். மேலேயே வேகத்தைக் குறைத்துவிட்டு எஞ்சின் புகையைத் தடுத்து வேகம் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கை நம்பி இறங்கு, கால் பிரேக்கை அவ்வப்போது மட்டும் மிதி என்றார். சொல்லி முடித்ததும் கோட்டைக் காட்டினார். நான் வண்டியை முன்னால் எடுத்தேன்.