பிரைமரியா, செகண்டரியா

ஓர் ஆஸ்பத்திரியில் கணினிகளை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் ராத்திரியில் கோளாறாகிவிட்டது. "செகண்டரில போட்டுருவோமா அண்ணே?" என்று கூட வந்த தம்பி கேட்டான், அதாவது பழைய மென்பொருளில் ஏற்றிவிடலாமா என்று. வேண்டாம் என்றேன், இருந்தபடியே ரீபூட் செய்தோம். சில நிமிடங்களில் ஸ்விட்ச் எழுந்து வந்தது, லேப் ரிப்போர்ட் வார்டுக்குப் போக ஆரம்பித்தது. அந்த ஆஸ்பத்திரியில் யாருக்கும் குறையில்லை. எனக்குத்தான் அந்த 'வேண்டாம்' இன்னும் அடங்கவில்லை.

இந்த வகை ஸ்விட்சில் அதை இயக்கும் மென்பொருளை (இமேஜ்) வைக்கும் ஃபிளாஷ் நினைவகம் பிரைமரி, செகண்டரி என்று இரண்டு இடமாக இருக்கும். பாதுகாப்புத் திருத்தங்களுக்காகப் புதிய இமேஜைப் பிரைமரியில் ஏற்றினோம். பழையதைச் செகண்டரியில் வேண்டுமென்றே விட்டு வைத்தோம். சிஸ்கோவின் கேட்டலிஸ்ட் ஸ்விட்ச் மாதிரி 'பூட் சிஸ்டம்' வரியில் கோப்பின் பெயர் எழுதும் வேலை இதில் இல்லை. இரண்டில் ஒன்றைச் சொன்னால் போதும். அந்த எளிமைதான் ஆபத்தும் என்று நினைக்கிறேன். ஏனென்றால் அங்கே இமேஜ் இரண்டு, ஆனால் எழும்போது படிக்கும் அமைப்புக் கோப்பான ஸ்டார்ட்அப் கான்ஃபிக் நாங்கள் வைத்திருந்தது ஒன்றே ஒன்று. புதிய இமேஜ் வந்த பிறகு சேர்த்த வரிகள் பழையதற்குப் புரியாமல் போகலாம். புரியாததை அது விட்டுவிட்டு எழுந்து நிற்கலாம். எந்த வரி விடுபட்டது என்பதை ஐப்பசி இடிமழையில், ராத்திரியில், நைட் டியூட்டி சிஸ்டர் பக்கத்தில் நிற்கும்போது தேட முடியுமா?

தம்பி விடவில்லை. "ரீலோடு குடுத்தா இப்ப ஓடுற அதே இமேஜ்தாண்ணே ஏறும். கோளாறே அதுலதான்னா?"

நியாயமான கேள்வி. ஸ்விட்ச் எழுதி வைக்கும் நிகழ்வுப் பதிவான லாகை முதலில் எடுத்து வைத்துக்கொண்டோம். போர்ட்டுகள் (கேபிள் செருகும் இணைப்புகள்) விழுந்து எழுந்ததைத் தவிர அதில் ஒன்றுமில்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பது என் வாதம். இமேஜை மாற்றினால் ரீபூட்டும் சேர்ந்தே நடக்கும், எது குணப்படுத்தியது என்று தெரியாது. சரி, மாற்றாமல் ரீபூட் செய்ததில் மட்டும் என்ன தெரிந்தது? நாள்கணக்கில் ஓடியதில் உள்ளே ஏதோ சிக்கியிருந்தால் அது திரும்ப வரும். சிஸ்டருக்கு என் பரிசோதனை தேவையில்லை. "திரும்பப் போகாதுல்லா சார்?" என்றுதான் அவர் கேட்டார். போகாது என்று சொல்ல என் கையில் எதுவும் இல்லை. பார்த்துக்கொள்கிறோம் என்றேன்.

ஆனாலும் பழையதற்கு மாறி, ஏதாவது ஒரு விஎல்ஏஎன் (ஸ்விட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்) விழுந்து, ஐசியூ பக்கம் இருட்டாகியிருந்தால்? அதை நினைத்தால் செய்தது சரி என்றே படுகிறது.

போன வாரம் தக்கலைப் பக்கம் ஓர் அலுவலகத்தில் கிட்டத்தட்ட இதே நிலைமை. தம்பி வாய் திறக்கும் முன்பே நான் செகண்டரி என்றேன். வண்டியில் திரும்பும்போது, "அன்னைக்கு மட்டும் ஏன்ணே வேண்டாம்னீங்க?" என்றான். இங்கே கான்ஃபிக் சின்னது என்றேன். உண்மைதான். அங்கே பயந்ததும் உண்மைதான், அதை அவனிடம் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரி ஸ்விட்ச் இன்னும் பிரைமரியில்தான் ஓடுகிறது. பழைய இமேஜுக்குப் புரிகிற மாதிரி ஒரு கான்ஃபிக்கைத் தனியாக எழுதி வைக்கும்படி தம்பியிடம் கேட்டிருக்கிறேன்.