சித்தப்பாவுக்கு எல்லாம் கேட்கிறது

ஆகஸ்ட் 11, திங்கள்

விடியற்காலை நாலு மணி வாக்கில் சித்தி போன் செய்தார். சித்தப்பாவுக்கு வயிற்றுவலி, வாந்தி, கண்ணைத் திறக்கவே முடியவில்லையாம். ஏற்காடு அடிவாரத்தில் வீடு, புழுக்கத்துக்குத் தரையில்தான் பாய் விரித்துப் படுப்பார். 108 வருவதற்குள் பேச்சு குழறி, எச்சில் விழுங்க முடியாமல் வாயில் ஒழுக ஆரம்பித்துவிட்டது. வழியில் மூச்சும் குறைய, வண்டியில் இருந்த தம்பி, கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கிற ஆம்பு பையை அமுக்கிக்கொண்டேதான் சேலம் வரை கொண்டுவந்து சேர்த்தார், அவர் நல்லா இருக்கணும்.

வீக்கம் இல்லை, பல் தடமும் கண்ணுக்குத் தெரியவில்லை. டூட்டி டாக்டர் இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ராத்திரி தரையில படுத்தாரா?" என்று மட்டும் கேட்டார். கடித்தது கட்டுவிரியன் பாம்பாகத்தான் இருக்கும் என்றார். விஷமுறிவு மருந்து 10 குப்பி டிரிப்பில் ஏறியது. வாய் வழியாகக் குழாய் போட்டு, ஐசியூவில் வென்டிலேட்டரில் இருக்கிறார்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மருந்து ஏறியும் ஏன் அசைவில்லை என்று டாக்டரிடம் கேட்டேன். ரத்தத்தில் சுற்றுகிற விஷத்தைத்தான் மருந்து முறிக்கும்; கட்டுவிரியன் விஷம் அதற்கு முன்பே நரம்பு முனைகளைக் கெடுத்துவிடுகிறது, அவை தானாகத்தான் திரும்ப வளர வேண்டும், அதற்குச் சில நாளும் ஆகலாம், வாரக்கணக்கிலும் ஆகலாம், அதுவரை மூச்சை மெஷின் பார்த்துக்கொள்ளும் என்றார்.

அப்புறம் சொன்னதுதான் என்னை உலுக்கிவிட்டது. கண்ணின் கருமணி விரிந்து, டார்ச் அடித்தாலும் சுருங்காமல், பார்க்க மூளைச்சாவு போலவே இருக்கும். ஆனால் மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை. பயம் தெரியாமல் இருக்கக் கொஞ்சம் தூக்க மருந்து போகிறது, அது குறைகிற நேரத்தில் நாம் பேசுவது எல்லாம் அவருக்குக் கேட்கும், பதில்தான் சொல்ல முடியாது.

இது தெரியாமல் காலையில் உள்ளே போன சொந்தக்காரர் ஒருத்தர் கட்டில் பக்கத்திலேயே நின்று, "இனி எங்க தேறப்போறாரு" என்றிருக்கிறார். சித்தி ஓரமாக நின்று அழுகிறார். இனிமேல் யார் உள்ளே போனாலும் நான் முதலில் சொல்லித்தான் அனுப்புவேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

ஐசியூ என்றால் மெஷின்தான் என்று நினைப்போம். எனக்குக் கண்ணில் பட்டதெல்லாம் கைகள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கிறார்கள், இல்லாவிட்டால் முதுகிலும் குதிகாலிலும் படுக்கைப்புண் வந்துவிடும். தலைப்பக்கம் எப்போதும் உயர்த்தியே இருக்கிறது, 30 டிகிரிக்குக் குறையக் கூடாதாம், வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போனால் நிமோனியா. மூக்கு வழிக் குழாயில் கஞ்சி. இமை முழுசாக மூடாததால் கண் காய்ந்து புண்ணாகும் என்று களிம்பு போட்டு, மெல்லிய டேப் ஒட்டியிருந்தார்கள்.

சிஸ்டர் சளி உறிஞ்சுவதற்கு முன்னால் குனிந்து, "ஐயா, சளி எடுக்கப்போறேன், கொஞ்சம் இருமல் வர்ற மாதிரி இருக்கும், பயப்படாதீங்க" என்றார். அசைவே இல்லாத மனுஷனிடம், ஒவ்வொரு தடவையும். அந்தச் சிஸ்டரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது. நானும் பேசினேன். மழை வந்தது, மாடு நன்றாக இருக்கிறது, பெரியவன் லீவு போட்டு வந்திருக்கிறான்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

வலது கால் கட்டைவிரல் அசைந்தது! ஆமாம் என்றால் ஒருமுறை, இல்லை என்றால் இரண்டு முறை என்று சிஸ்டர் ஏற்பாடு செய்துவிட்டார். வலிக்குதா? இரண்டு. சித்தி வந்திருக்காங்க, தெரியுதா? ஒன்று.

ராத்திரி வராந்தாவில் படுத்துக்கொண்டு படித்தேன். 1952இல் கோபன்ஹேகனில் போலியோ பரவி, மூச்சுத் தசை செயலிழந்தவர்களுக்குப் போதுமான மெஷின் இல்லாதபோது, பியோர்ன் இப்சென் என்ற மயக்க மருந்து டாக்டர் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, மருத்துவ மாணவர்களை முறை போட்டு இரவும் பகலும் கையால் பை அமுக்க வைத்திருக்கிறார். அடுத்த வருஷமே இப்படிப்பட்டவர்களுக்கென்று தனி வார்டு. ஐசியூவின் தொடக்கம் அதுதான் என்கிறார்கள். 108 தம்பி செய்ததும் அதே வேலைதானே.

ஆகஸ்ட் 20, புதன்

தலையணையிலிருந்து தலையைத் தூக்கி ஐந்து நொடி பிடிக்கச் சொன்னார்கள், பிடித்துவிட்டார். மெஷின் உதவியைக் குறைத்து அரை மணி நேரம் தானாக மூச்சு விட வைத்தார்கள், ஆக்சிஜன் இறங்கவில்லை. மதியம் குழாயை எடுத்துவிட்டார்கள். தண்ணீர் கேட்டார், குரலே இல்லை, வெறும் காற்று. விழுங்குவது சரியாக இருக்கிறதா என்று பார்க்கும்வரை ஒரு சொட்டுகூடக் கொடுக்கக் கூடாது என்றதால் உதட்டை மட்டும் நனைத்தோம்.

ஆகஸ்ட் 23, சனி

வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். மாடு கன்று போட்டதா என்று அவரே விசாரித்தார். தேறமாட்டார் என்று சொன்னது யார் என்பதும் தெரிந்திருக்கிறது, பெயரைச் சொல்லியே கேட்டார். சித்தி பேச்சை மாற்றிவிட்டார்.

டம்ளரை இன்னும் கையில் பிடிக்க முடியவில்லை, பிசியோதெரபி நடக்கிறது. பெரியவன் இன்றைக்குக் கடைவீதிக்குப் போய்க் கட்டிலுக்குச் சொல்லிவிட்டு, கொசுவலையும் வாங்கி வந்தான். வலையைப் படுக்கைக்கு அடியில் நன்றாகச் செருகிவிட்டால் பாம்பும் உள்ளே வராது என்று டாக்டர் சொன்னாராம். அடிவாரத்தில் தரையில் படுக்கிற எல்லா வீட்டிலும் போய் இதைச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.