பைலுக்கு என்ன நடந்தது?

நான் வேலை செய்யும் நிறுவனத்தின் தலைமை அலுவலகம் மட்டக்களப்பு நகரில் இருக்கிறது. கிளைகள் வடக்கே வாழைச்சேனையில் தொடங்கி களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று தெற்கே பொத்துவில் வரை கரையோரமாகவே போகின்றன. சேமிப்பு, சிறு கடன் என்று ஆட்களின் காசோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட வேலை. அதனால் எந்தக் கிளையில் வைரஸ் பிடிபட்டாலும் தலைமை அலுவலகத்துக்கு உடனே தெரிய வேண்டும் என்று நிர்வாகம் கேட்டது. கணினிப் பிரிவில் இருப்பதே சில பேர்தான். என்றாலும் கேட்டது நியாயமானது.

அன்டிவைரஸ்கள் எழுதும் லொக்குகளை, அதாவது என்ன நடந்தது என்ற பதிவுகளை, ஒரே சேர்வருக்குக் கொண்டுவருவது அவ்வளவு கஷ்டமில்லை. வந்து சேர்ந்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்கியது. கிளைகள் வெவ்வேறு காலத்தில் திறக்கப்பட்டவை. புதிய கணினிகளில் விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் இருந்தது. சில கிளைகளில் காசு கொடுத்து வாங்கிய வேறொரு அன்டிவைரஸ். பைல்கள் வைத்திருக்கும் லினக்ஸ் சேர்வரில் கிளாம்ஏவி என்ற இலவச அன்டிவைரஸ். மூன்று போடியார்களிடம் விளைச்சலைக் கேட்டால் ஒருவர் மூட்டையிலும் ஒருவர் புசலிலும் ஒருவர் அவணத்திலும் சொல்வதைப் போல, மூன்றும் ஒரே விசயத்தை வேறு வேறு கணக்கில் எழுதி வைத்திருந்தன.

டிஃபெண்டர் இலக்கம் போட்டு எழுதும். ஏதாவது கண்டால் 1116. கண்டதன் மேல் நடவடிக்கை எடுத்தால் 1117. எடுக்கப் போய் முடியாமல் போனால் 1118. ஆக ஒரே சம்பவத்துக்கு இரண்டு பதிவுகள் வரும். கிளாம்ஏவி ஒரே வரியில் முடித்துவிடும்: பைல் இருக்கும் பாதை, வைரஸின் பெயர், கடைசியில் ‘ஃபவுண்ட்’ என்ற சொல். காசு கொடுத்து வாங்கியது, ஆர்க்சைட் நிறுவனம் லொக்குகளுக்கென்று உருவாக்கிய சி.ஈ.எஃப் வடிவத்தில், நேர்கோடுகளால் பிரித்த நீளமான வரியாக அனுப்பியது. இதை அப்படியே வைத்துக்கொண்டு ‘இந்தக் கிழமை எத்தனை பிடிபட்டது’ என்று எண்ணினால் டிஃபெண்டர் உள்ள கிளைகள் எல்லாம் இரண்டு மடங்கு மோசமாகத் தெரியும். அந்த எண்ணிக்கையை நிர்வாகத்திடம் கொடுத்தால் ஒரு கிளை முகாமையாளர் அநியாயமாகப் பேச்சு வாங்குவார்.

எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்கு மாற்ற வேண்டும், சரி. எந்த வடிவத்துக்கு? நாங்களே பெயர் வைத்து ஒரு அட்டவணை செய்துகொள்ளலாம் என்ற யோசனை வந்தபோது நான் விடாப்பிடியாக மறுத்தேன். இந்த வேலையை உலகத்தில் பலர் ஏற்கனவே செய்து வைத்திருக்கிறார்கள். லொக்குகளைச் சேர்த்துத் தேடும் மென்பொருள் செய்யும் ஸ்பிளங்க் நிறுவனத்தின் பொதுத் தரவு மாதிரியில், வைரஸ் போன்ற தீங்கான மென்பொருள்களான மால்வேருக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. அதே போன்ற இலாஸ்டிக் நிறுவனத்திடமும் ஒரு பொது வடிவம் உண்டு. 2022 இல் பல நிறுவனங்கள் சேர்ந்து ஓ.சி.எஸ்.எஃப் என்ற திறந்த வடிவத்தையும் வெளியிட்டன. நாளைக்கு நான் வேறு வேலைக்குப் போனால், ஒலுவில், வந்தாறுமூலைப் பல்கலைக்கழகங்களில் படித்து வரும் ஒரு பிள்ளை இணையத்தில் வாசித்துப் புரிந்துகொள்ளக்கூடிய பெயர்கள்தான் அட்டவணையில் இருக்க வேண்டும். ஸ்பிளங்கின் மென்பொருளை வாங்க எங்களுக்கு வசதியில்லை. ஆனால் அவர்களுடைய மால்வேர் பகுதியில் எந்தெந்தத் தகவல் இருக்க வேண்டும் என்பதை யாரும் வாசிக்கலாம். எந்தக் கணினி, எந்தப் பயனர், எந்தப் பைல், பாதை, பைலின் கைரேகை போன்ற ஹாஷ், வைரஸின் பெயர், கண்டுபிடித்த மென்பொருள், கடைசியாக ‘அக்‌ஷன்’. அதையே எடுத்துக்கொண்டோம்.

பைலுக்கு என்ன நடந்தது என்று நிரப்பும் அட்டவணையின் அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் அதிக நேரம் போனது, போகத்தான் வேண்டும் என்று இப்போதும் நினைக்கிறேன். அந்தக் கட்டத்துக்கு மூன்றே மூன்று பதில்கள்தான் அனுமதி: தடுக்கப்பட்டது, விடப்பட்டது, பின்போடப்பட்டது. கிளாம்ஏவியின் ‘ஃபவுண்ட்’ இதில் எது? கண்டுபிடித்துவிட்டதே, தடுத்தது என்று போடுவோம் என்றுதான் முதலில் எல்லாருக்கும் தோன்றும். எங்கள் பிரிவில் மூத்தவர் காத்தான்குடிக்காரர், நாங்கள் நானா என்று கூப்பிடுவோம். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

“கண்டது எண்டா கண்டது மட்டும்தான் தம்பி. தூக்கினதா இல்லையா எண்டு அந்த வரி சொல்லுதா?”

சொல்லவில்லை. கிளாம்ஏவியின் ஸ்கேனர் தனியாகச் சொன்னாலொழிய பைலை அழிக்காது, நகர்த்தாது. கண்டதைச் சொல்லிவிட்டுப் போய்விடும். பைல் அதே இடத்தில் கிடக்கும். டிஃபெண்டரின் 1117 கூட நாம் நினைப்பது போல அவ்வளவு தெளிவானதில்லை. நடவடிக்கை எடுக்கப்பட்டது என்றுதான் அது சொல்கிறது. அந்த நடவடிக்கை ‘அனுமதி’ என்றும் இருக்கலாம். பயனரே ‘பரவாயில்லை, விடு’ என்று அழுத்தியிருக்கலாம். ஆகவே இலக்கத்தை மட்டும் பார்க்காமல் பதிவுக்குள்ளே போய் என்ன நடவடிக்கை என்று வாசித்து, அதன்படி நிரப்ப எழுதினோம். 1116 ஐயும் 1117 ஐயும் அவற்றில் பொதுவாக இருக்கும் கண்டறிதல் அடையாள இலக்கத்தால் சேர்த்து ஒரே சம்பவமாக்கினோம். 1116 வந்து பின்னால் ஒன்றும் வராவிட்டால் பின்போடப்பட்டது. 1118 வந்தால் விடப்பட்டது. கிளாம்ஏவியின் வெறும் ‘ஃபவுண்ட்’ பின்போடப்பட்டது. தடுத்ததற்கு ஆதாரம் இல்லாத எதையும் தடுக்கப்பட்டது என்று எழுதுவதில்லை என்று தீர்மானித்துக்கொண்டோம்.

நேரம் அடுத்த தலையிடி. டிஃபெண்டரின் பதிவில் நேரம் யூடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில், இருக்கும். கிளாம்ஏவி உள்ளூர் நேரத்தை எழுதும், எந்த வலயம் என்று சொல்லாது. லொக்குகளை வலையமைப்பில் அனுப்பும் பழைய சிஸ்லொக் வடிவத்தில் வலயம் மட்டுமில்லை, வருடமே இல்லை. டிசம்பர் கடைசியில் மின்சாரம் போன ஒரு கிளையின் பதிவு ஜனவரியில் வந்து சேர்ந்தால் அது எந்த வருடம் என்று நாம்தான் ஊகிக்க வேண்டும். இதோடு இலங்கைக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. 1996 இல் மின்சாரத் தட்டுப்பாட்டின்போது நாட்டின் நேரத்தை முன்னுக்குத் தள்ளினார்கள். 2006 ஏப்ரலில்தான் பழையபடி யூடிசிக்கு ஐந்தரை மணித்தியாலம் முன் என்று ஆனது. இடைப்பட்ட காலத்தில் பெரும்பாலும் அது ஆறு மணித்தியாலம். அந்தக் காலத்து அமைப்பு இன்னும் உள்ள பழைய கணினியில் யாராவது கையால் மணியைத் திருத்தியிருந்தால், சுவர்க் கடிகாரத்தோடு பார்க்கும்போது சரியாகவே இருக்கும். யூடிசிக்கு மாற்றியதும் அரை மணித்தியாலம் பிசகிவிடும். ஒரு வைரஸ் எந்தக் கணினியிலிருந்து எதற்குப் போனது என்று பார்க்கும்போது அந்த அரை மணித்தியாலம் முன்பின்னையே மாற்றிப் போடும். சேமிப்பது யூடிசியில், திரையில் காட்டுவது இலங்கை நேரத்தில் என்று வைத்தோம். சம்பவம் நடந்த நேரம், எங்களிடம் வந்து சேர்ந்த நேரம் இரண்டையும் தனித்தனியே வைத்தோம்.

தமிழில் பெயர் வைத்த பைல்களைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. யுனிகோட் வந்த பிறகு கிளைகளில் ‘கூட்ட அறிக்கை’, ‘கடன் விண்ணப்பம்’ என்று தமிழிலேயே சேமிக்கிறார்கள். நல்ல விசயம், யாரும் அதை மாற்றத் தேவையில்லை. ஆனால் வழியில் ஏதாவதொரு மென்பொருள் யுனிகோட் எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறை புரியாததாக இருந்தால் பெயர் முழுக்கக் கேள்விக்குறிகளாக வந்து சேரும். அப்புறம் எந்தப் பைல் என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. இன்னொன்று, யூடிஎஃப்-8 இல் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட். ‘கூ’ என்ற ஒரே எழுத்து ஆறு பைட். பழைய சிஸ்லொக்கின் அளவெல்லை 1024 பைட். கோப்புறைப் பெயர்களும் தமிழில் இருந்தால் பாதையே அந்த இடத்தின் பெரும்பகுதியைச் சாப்பிட்டுவிடும், வரியின் கடைசி வெட்டுப்படும். வரியின் கடைசியில் இருப்பது பெரும்பாலும் நடவடிக்கை. ஆங்கிலப் பெயர்களை மட்டும் வைத்துச் சோதித்தால் இந்தக் குறை கண்ணில் படவே படாது. அதனால் ஐகார் சோதனைப் பைலுக்கு நீளமான தமிழ்ப் பெயர் வைத்துத்தான் கிளை கிளையாகப் பரிசோதித்தோம். 68 பைட் அளவான அந்தப் பைல் ஒரு தீங்கும் செய்யாது. எல்லா அன்டிவைரஸும் அதை வைரஸ் என்று பிடிக்க வேண்டும் என்பது மட்டுமே அதன் நோக்கம்.

வைரஸின் பெயர்களை ஒன்றாக்க நாங்கள் முயலவில்லை. 1991 இலிருந்து காரோ என்ற பெயரிடும் முறை இருக்கிறது, என்றாலும் ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படிதான் வைக்கிறது. 2017 மே மாதம் உலகத்தையே ஆட்டிய வானாக்ரை என்ற மால்வேரை மைக்ரோசொஃப்ட் வானாக்ரிப்ட் என்றது, கஸ்பர்ஸ்கி வானா என்றது. நிறுவனம் தந்த பெயரை எழுத்து மாறாமல் வைத்துக்கொண்டு, ஒரே பைலா என்று பார்க்க ஹாஷை நம்புவதே நல்லது. கிளாம்ஏவியில் ஓர் அமைப்பை மாற்றினால் ஹாஷையும் சேர்த்து எழுதும். மாற்றிவிட்டோம்.

எல்லாம் ஒரே வடிவத்துக்கு வந்த பிறகு, ‘பிடிபட்டும் தடுக்கப்படாமல், ஒரே கணினியில் திரும்பத் திரும்ப வருவது எது’ என்று ஒரே கேள்வியாகக் கேட்க முடிந்தது. ஒரு கிளையின் முன்மேசைக் கணினி மேலே வந்தது. பாதையைப் பார்த்தால் எல்லாம் பென் டிரைவ். அங்கே பிரிண்டர் பழுதாகி, தங்கச்சி ஒருவர் பக்கத்துக் கொமினிகேஷன் கடையில் பென் டிரைவைக் கொடுத்துப் பிரிண்ட் எடுத்து வந்துகொண்டிருந்தார். “வாடிக்கையாளர திருப்பி அனுப்ப ஏலாதே சேர்” என்றார். அவர் சொன்னது சரி. அவரைக் குறை சொல்லி ஒரு கடிதம் எழுதுவதை விட ஒரு பிரிண்டர் அனுப்புவதுதான் பாதுகாப்பு வேலை. அனுப்பினோம்.

பைலின் பெயரில் கடன் கேட்டவரின் பெயரும் இருக்கிறது. லொக்கில் அதுவும் வந்து சேர்கிறது. வைரஸ் தேடப் போய் ஒருவர் கடன் கேட்ட விசயத்தைக் கணினிப் பிரிவு முழுக்க வாசிப்பது முறையில்லை. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அது இல்லாவிட்டாலும் செய்ய வேண்டியதுதான். முழுப் பாதையைப் பார்க்கும் அனுமதியை நானாவோடும் என்னோடும் நிறுத்திவிட்டோம். மற்றவர்களுக்குக் கணினி, நேரம், நடவடிக்கை மட்டும் தெரியும்.

இன்னும் பிடிபடாத கேள்வி, ஒரு பதிவும் அனுப்பாத கணினி. அது சுத்தமாக இருக்கிறதா, அல்லது அன்டிவைரஸே நின்றுவிட்டதா? டிஃபெண்டரின் நேரடிப் பாதுகாப்பை யாராவது நிறுத்தினால் 5001 என்று எழுதும். அதையும், வைரஸ்களை அடையாளம் காண அன்டிவைரஸ் வைத்திருக்கும் வரைவிலக்கணங்கள் கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டன என்பதையும் கணினி வாரியாகச் சேர்க்க வேண்டும். அந்த இரண்டாவது அட்டவணையை வாழைச்சேனைக் கிளையிலிருந்து தொடங்கியிருக்கிறோம்.