அலைவரிசை மாறும் அந்தச் சில விநாடிகள்

விமானம் ஒரு விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரின் எல்லையிலிருந்து அடுத்தவரின் எல்லைக்குள் போகும்போது முதலில் பேசிக்கொள்வது தரையில் இருப்பவர்கள்தான். அடுத்தவர் ஏற்றுக்கொண்ட பிறகே விமானிக்குப் புது அலைவரிசை தரப்படும்.

விமானி அந்த அலைவரிசை எண்ணையும், வானொலியில் தன் விமானத்தின் பெயரான அழைப்புக்குறியையும் திருப்பிச் சொல்ல வேண்டும். 'கேட்டுக்கொண்டேன்' என்று பொருள்படும் வெறும் 'ரோஜர்' போதாது. 132.450 என்பது காதில் 132.540 ஆக விழுந்தால், அதை உடனே பிடிக்க இருக்கும் வாய்ப்பு இதுதான். கட்டுப்பாட்டாளரும் அதைக் கவனித்துக் கேட்க வேண்டும். நெரிசல் நேரத்தில் இது எளிதில் நழுவிவிடும்.

'காண்டாக்ட்' என்றால் கூப்பிட வேண்டும். 'மானிட்டர்' என்றால் அழைக்கும்வரை கேட்டுக்கொண்டு மட்டும் இருக்க வேண்டும்.

மாற்றியதும் உடனே பேசக் கூடாது. ஓரிரு விநாடி கேளுங்கள். இருவர் ஒரே நேரத்தில் பேசினால் கீச்சொலிதான் மிஞ்சும். பிறகு நிலையத்தின் பெயர், அழைப்புக்குறி, தற்போதைய உயரம். ஏறினாலோ இறங்கினாலோ அனுமதிக்கப்பட்ட உயரமும்.

பதில் இல்லையா? பழைய அலைவரிசை வானொலியின் ஸ்டாண்ட்பையில், அதாவது மாற்று இடத்தில், இருக்கும். அதற்குத் திரும்பி எண்ணைக் கேளுங்கள். அதனால்தான் முதல் தொடர்பு உறுதியாகும்வரை அதை அழிக்கக் கூடாது. அங்கும் மௌனம் என்றால் அவசர அலைவரிசையான 121.5. எதுவுமே கிடைக்காவிட்டால், ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டரில் 7600, அதாவது வானொலித் தொடர்பு அற்றது என்பதற்கான குறியீடு.